வண்டி ஓடாத நாள்

கனடாவின் டாசன் கிரீக்கில் தொடங்கும் அலாஸ்கா நெடுஞ்சாலை, யூகான் பிரதேசத்தைக் கடந்து அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷனில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் காட்டை வெட்டத் தொடங்கி, அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்துவிட்டது. பொதுமக்களின் வண்டிகள் 1948 முதல் ஓடுகின்றன. இன்று தார்ச்சாலைதான். ஆனால் ஊருக்கும் ஊருக்கும் இடையே இன்றும் நெடுந்தூரம்தான். ஃபோர்ட் நெல்சனை விட்டால் வாட்சன் லேக் 500 கிலோமீட்டருக்கு அப்பால். அங்கிருந்து வைட்ஹார்ஸ் இன்னும் 400க்கு மேல். இடையில் பெட்ரோல் கிடைக்கும், சாப்பாடு கிடைக்கும். மருந்துக் கடையோ வண்டிக் கண்ணாடி பழுதுபார்ப்பவரோ நினைத்த இடத்தில் கிடைப்பதில்லை.

அதனால் எட்மன்டனிலிருந்து வீட்டு ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு நானும் கணவரும் வடக்கே போகும்போது, வைட்ஹார்ஸில் ஒரு முழு நாள் வண்டியை நிறுத்திவிடுவோம். யூகானின் தலைநகர் அது. 2021 கணக்கெடுப்பின்படி பிரதேசத்தின் மக்கள்தொகை 40,000 சொச்சம். அதில் 28,000 பேர் இந்த ஒரு நகரத்தில் இருக்கிறார்கள். மருத்துவமனை, மெக்கானிக், பெரிய கடைகள் எல்லாம் ஒரே இடத்தில் அமைவது இங்கேதான். இங்கே முடிக்காத வேலை, அடுத்த நெடுந்தூரத்துக்கு நம் கூடவே வரும்.

அன்றைய முதல் வேலை டயர். காலையில், வண்டி அசைவதற்கு முன்பே காற்றைப் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். தெற்கே வெயிலில் அடித்த காற்று வடக்கின் குளிரில் இறங்கியும் இருக்கும். அடுத்தது சக்கர நட்டுகள். குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்ச்சை வைத்திருப்பது என் கணவர். பட்டியலை வைத்திருப்பது நான்.

“இஞ்சேருங்கோ, வலப்பக்கச் சக்கரமும் பாத்திட்டீங்களோ?”

“பாத்திட்டன். உம்மட பட்டியலில வெட்டிவிடும்.”

நட்டு தளர்ந்தால் சக்கரம் ஆடும். அளவுக்கு மீறி இறுக்கினால் போல்ட் இழுபட்டு வலுவிழக்கும். டயர் மாற்றியிருந்தால் முதல் 100 கிலோமீட்டருக்குள் நிறுத்தி மறுபடி பார்ப்பது நல்லது.

மற்ற வேலைகளுக்கு நான் வைத்திருக்கும் ஒழுங்கு இதுதான்: பிறர் கையில் உள்ளவை முதலில், நம் கையில் உள்ளவை பிறகு. எதிரே வரும் லாரி தெறிக்கவிட்ட கல் முன்கண்ணாடியில் சின்னப் புள்ளியாய்த்தான் பதியும். அதில் ரெசின் ஊற்றி அடைத்துவிட்டால் அதோடு முடிந்தது. விட்டுவைத்தால் இரவுக் குளிரும் பகல் சூடும் அதைக் கீறலாக நீட்டி, கண்ணாடியையே மாற்றும்படி செய்துவிடும். கடை திறந்ததும் நேரம் வாங்கிவிடுவோம். அங்கே வேலை நடக்கும் நேரத்தில் துணி துவைத்து முடித்துவிடலாம்.

காசு போட்டுத் துவைக்கும் அந்தக் கடையை நான் மிகவும் மதிக்கிறேன். அலாஸ்காவிலிருந்து திரும்புகிறவர்களும் அங்கேதான் வந்து உட்கார்ந்திருப்பார்கள். எந்த இடத்தில் சாலை வேலை நடக்கிறது, எங்கே தார் உடைந்திருக்கிறது, எந்த முகாமில் தண்ணீர் இல்லை என்று நேற்றுக் கண்டதைச் சொல்வார்கள். நாங்கள் வந்த வழியை அவர்களுக்குச் சொல்வோம்.

அவர்கள் அதிகம் எச்சரிப்பது டிஸ்ட்ரக்ஷன் பே முதல் பீவர் கிரீக் வரையான பகுதியை. அங்கே சாலைக்கு அடியில் பல இடங்களில் உறைமண் இருக்கிறது. பாசியும் செடிகளும் போர்த்தியிருந்த வரை அது உறைந்தபடி கிடந்தது. அவற்றை அகற்றிச் சாலை போட்டதும் வெப்பம் உள்ளே இறங்கி, பனிக்கட்டி உருகி, தரை அமிழ்கிறது. குளிர்காலத்தில் ஈரம் உறைந்து வேறிடத்தில் மண்ணை மேலே தள்ளுகிறது. சாலை அலை அலையாக எழுந்து தாழும். இழுக்கும் வண்டி தாண்டிய மேட்டில் ட்ரெய்லர் தூக்கிப் போடும். அலமாரிகள் திறந்து பாத்திரங்கள் தரையில் விழும். ஆகவே இணைப்புக் கொக்கியின் போல்ட்டுகளையும் அலமாரித் தாழ்களையும் வைட்ஹார்ஸிலேயே பார்த்துவிடுவோம். வண்டியைக் கழுவுவதும் அழகுக்காக அல்ல. சாலை வேலை நடக்கும் மண் துண்டுகளில் தூசி அடங்கக் கால்சியம் குளோரைடு தெளிப்பார்கள். அது கலந்த சேறு இரும்பை அரிக்கும், பின்விளக்குகளையும் மூடிவிடும்.

காய்கறி, பால், முட்டை கடைசியில். அரிசியும் மிளகாய்த்தூளும் எட்மன்டனிலேயே ஏற்றியாகிவிட்டது. அமெரிக்க எல்லையில் சில பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் இறைச்சிக்கும் கட்டுப்பாடு உண்டு என்பதால், எல்லைக்கு முன் சமைத்துத் தீர்க்கக்கூடிய அளவே வாங்குவேன். ஜூனில் இங்கே பகல் ஏறத்தாழ 19 மணி நேரம். மாலை ஏழு மணிக்கும் நடுப்பகல் போல வெளிச்சம் இருக்கும், ஆனால் மெக்கானிக் கதவைப் பூட்டிப் போயிருப்பார். சூரியனை விட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்.

கழிவுத் தொட்டிகளைப் புறப்படும் காலையில் காலி செய்வோம். கழிப்பறைத் தொட்டி முதலில், குளியல், சமையல் தண்ணீர்த் தொட்டி அடுத்து. இரண்டாவது நீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். பிறகு குடிநீர் நிரப்புவோம். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால், எவ்வளவு ஏற்றுவது என்று அச்சின் தாங்குதிறனைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

பயணத் திட்டம் எழுதுகிற பலர் ஊர்களையும் தூரங்களையும் எழுதி முடித்து, மிஞ்சினால் இப்படி ஒரு நாள் என்கிறார்கள். அப்படி மிஞ்சுவதே இல்லை. வடக்கே போவதானால் இந்த நாளை முதலில் எழுதுங்கள், ஞாயிறு இல்லாத நாளாகப் பார்த்து. டயருக்கும் கண்ணாடிக்கும் அது எவ்வளவு தேவையோ, தினமும் எட்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்கிறவரின் முதுகுக்கும் கண்ணுக்கும் அவ்வளவு தேவை.