கடன் எடுக்கும் முன் எடை பார்ப்போம்



குழந்தைப்பேறு சிகிச்சைக்குக் கடன் கேட்டு நம் குழுக்களில் மனு வருவதுண்டு. நாங்கள் சென்ற ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு சகோதரி கண் கலங்கினார். "ஊசி போடுவாங்கன்னு போனேன். முதல்ல எடையைக் குறைச்சிட்டு வாம்மான்னு டாக்டர் அனுப்பிட்டாரு. அவமானமாப் போச்சு" என்றார். டாக்டர் ஏன் அப்படிச் சொன்னார்? பார்ப்போம்.

மாதம் ஒரு கருமுட்டை முதிர்ந்து வெளிவருவதை நடத்துவது ஹார்மோன்கள். உடம்பில் கொழுப்பு கூடினால் இன்சுலின் அளவு கூடும். அதனால் சினைப்பையில் ஆண் ஹார்மோன் அதிகம் சுரந்து, முட்டை பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடும். மாதவிலக்கு தள்ளிப் போகும். நாம் 'நீர்க்கட்டி' என்பது பெரும்பாலும் இதுதான். எடை அதிகம் இருந்தால் சிகிச்சை மருந்தும் கூடுதலாகத் தேவைப்படலாம். கரு தங்கும் வாய்ப்பு குறையும். கலையும் பயமும் கூடும்.

உங்கள் எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். உயரம் 1.5 மீட்டர், எடை 65 கிலோ என்றால் விடை 28.9. நம் நாட்டவருக்கு 18.5 முதல் 22.9 வரை சரியான அளவு. 25-ம் அதற்கு மேலும் உடல் பருமன்.

மலைக்க வேண்டாம். நீர்க்கட்டி உள்ளவர்கள் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது, முட்டை வெளிவருகிறது. 65 கிலோ உள்ளவருக்கு இது மூன்றேகால் முதல் ஆறரை கிலோதான். சோற்றைக் குறைத்து, காய், கீரை, பயறு, முட்டை கூட்டுங்கள். தினம் அரை மணி நேரம் வேகமா நடங்க. பட்டினி மட்டும் வேண்டாம். எடை ரொம்பக் குறைந்தாலும் கருமுட்டை வெளிவருவது நின்றுபோகும்.

ரத்தப் பரிசோதனையும் முக்கியம். தைராய்டு குறைவு இருந்தால் மாத்திரையால் சரி செய்யலாம். 'ஏ.எம்.எச்.' என்பது முட்டை இருப்பைக் காட்டும். அது குறைவு என்றால் சிகிச்சையில் கிடைக்கும் முட்டைகள் குறையலாம். குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. 35 வயதைத் தாண்டியவர்கள் எடை குறையட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள். இரண்டையும் டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

கணவருக்கும் விந்துப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். குறை ஆணிடமும் இருக்கலாம். அதிக எடை ஆண்களின் ஹார்மோனையும் பாதிக்கும்.

ஆகவே கடன் மனு வரும்போது குழுவில் நான்கு கேள்வி கேளுங்கள்: எடை பார்த்தாச்சா? தைராய்டு, சர்க்கரை பார்த்தாச்சா? கணவர் பரிசோதனை செய்தாரா? அந்த மருத்துவமனை 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றதா?

இது கடனை மறுக்க அல்ல. வாங்கும் கடன் வீணாகாமல் இருக்கத்தான். இன்னொன்று, 'மலடி' என்ற சொல் நம் கூட்டங்களில் இனி ஒலிக்கவே கூடாது. அந்தச் சகோதரி இப்போது தனியாக நடப்பதில்லை. குழுவில் நாலு பேர் கூடவே நடக்கிறார்கள்.