பழைய வண்டிக்கு மாற்று எஞ்சின்

நூல் மூட்டையும் வாழைத்தாரும் சுமக்கும் சங்கத்துப் பழைய பிக்கப் வண்டியின் எஞ்சின் ஓய்ந்துவிட்டால், மிகுந்த குதிரைத்திறனுடைய எஞ்சினைப் பொருத்தும் ஆசை எழுவது இயல்பே. அதற்கு நாம் இடங்கொடுத்தலாகாது. விசை மிகுந்தால் கிளட்சும் கியர்பாக்ஸும் விரைவில் தேய்ந்துபோம். பழைய ரேடியேட்டரும் அவ்வெப்பத்தை ஆற்றமாட்டாது.

முதலில் உள்ள எஞ்சினையே திறந்து பார்த்தல் வேண்டும். பிளாக்கில் விரிசல் இல்லையேல், போரிங் செய்து புதிய பிஸ்டன் போட்டாலே பெரும்பாலும் போதும். மாற்றியே தீரவேண்டுமாயின் அதே வகை எஞ்சினே தக்கது. வாங்குமுன் சிலிண்டர்தோறும் அழுத்தத்தை அளந்து பார்த்தல் நலம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி பதிவு அதிகாரியின் ஒப்புதலையும் முன்னரே பெறுக.

செலவாவது உறுப்பினர் அனைவரின் பணம். வேகத்தினும், வண்டி வழியில் நில்லாமல் சரக்கு சந்தை சேர்வதே நமக்கு இலாபம்.