காருக்குள் ஒரு வானொலி நிலையம்

பழைய கார் ஒன்றில் வானொலிப் பெட்டி மட்டுமே இருக்கிறது. உங்கள் கையிலோ பாட்டுகள் நிறைந்த சிறு கருவி. இரண்டையும் இணைக்கக் கம்பி செருகும் துளை கிடையாது. என்ன செய்வீர்கள்? கட்டைவிரல் பருமனுள்ள எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் ஒன்றைப் பாட்டுக் கருவியுடன் இணைத்து, சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகி, அதையும் வானொலியையும் 98 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் போதும். பாட்டு காரின் ஒலிபெருக்கியில் கேட்கும். அதாவது, நீங்கள் ஒரு வானொலி நிலையம் நடத்துகிறீர்கள்! இது வேடிக்கைப் பேச்சு அன்று.

98 மெகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 9 கோடியே 80 லட்சம் அதிர்வுகள். பாட்டு வந்ததும் இந்த எண்ணிக்கை சற்றுக் கூடியும் குறைந்தும் ஊசலாடுகிறது. ஒலி உரத்ததானால் ஊசல் அகலமாகும். பெரிய நிலையங்களில் இருபுறமும் 75,000 அதிர்வுகள் வரை போகும். குரல் கீச்சென்று இருந்தால் ஊசல் வேகமாக நடக்கும். அலையின் உயரம் மட்டும் மாறுவதில்லை. மின்னலும் எஞ்சினின் மின்பொறியும் பெரும்பாலும் கெடுப்பது அந்த உயரத்தைத்தான். வானொலி அதை வெட்டித் தள்ளிவிடுவதால் இரைச்சல் குறைகிறது. அமெரிக்கப் பொறியியலாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை பெற்ற முறை இது.

சரி, இந்தக் குட்டி நிலையத்தின் திறன் எவ்வளவு? பிரிட்டனில் இக்கருவியை உரிமம் இன்றி இயக்குவது நெடுங்காலம் குற்றமாக இருந்தது. 2006 டிசம்பர் 8 முதல்தான் அனுமதித்தார்கள். அதுவும் 50 நானோவாட்டுக்கு மேற்படாமல்! ஒரு வாட்டை 2 கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு.

இப்போது பென்சிலை எடுங்கள். 10 கிலோவாட் நிலையம் ஒன்று உங்களிடமிருந்து 10 கிலோமீட்டரில் இருக்கட்டும். அதன் திறன் உங்கள் கருவியைப்போல் 20,000 கோடி மடங்கு. ஆனால் உங்கள் கருவி ஏரியலிலிருந்து 1 மீட்டரில் இருக்கிறது. நிலையமோ 10,000 மடங்கு தொலைவில். தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப வலிமை குறைவதால், 10 கோடியால் வகுக்க வேண்டும். விடை 2,000. இது தோராயமான கணக்கே. ஆயினும் காதருகே இருக்கும் உங்கள் கருவியைவிட அந்த நிலையமே 2,000 மடங்கு வலுவாக வந்து சேர்கிறது!

எஃப்.எம். வானொலிக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஒரே அதிர்வெண்ணில் இரண்டு அலைகள் வந்தால், சற்றே வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். பழைய ஏ.எம். முறையில் இரண்டும் கலந்து கேட்கும். விமானிகள் இன்றும் ஏ.எம்.மில் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்: இருவர் ஒரே நேரத்தில் பேசினால், குழறலைக் கேட்டாவது தரையிலிருப்பவர் அதை அறிந்துகொள்வார்.

ஆகவே நிலையம் ஏதும் இல்லாத, வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும் இடத்தைத் தேடி உங்கள் கருவியை வையுங்கள். அக்கம்பக்கத்து எண்களும் காலியாக இருந்தால் இன்னும் நல்லது. நெடும்பயணத்தில் இதுவும் நிலைக்காது. அடுத்த நகரம் நெருங்கும்போது பாட்டு கரகரத்து, சட்டென்று யாரோ செய்தி வாசிப்பார். கருவி கெடவில்லை, அந்த ஊர் நிலையம் உங்களை வென்றுவிட்டது. வேறு எண் தேட வேண்டியதுதான். அந்த வேலையை ஓட்டுபவரிடம் விடாமல் பக்கத்தில் இருப்பவர் செய்யட்டும்.

பாட்டுக் கருவியின் ஒலியளவையும் கவனியுங்கள். மிகக் குறைத்தால் இரைச்சல் மேலோங்கும். மிகக் கூட்டினால் ஊசல் எல்லை மீறி, பாட்டு உடைந்து கேட்கும். பக்கத்து அதிர்வெண்களையும் தொல்லை செய்யும்.

சிவப்பு விளக்கில் அருகே நிற்கும் காரின் வானொலியும் 98-இல் இருந்தால், உங்கள் பாட்டு அங்கேயும் கேட்கக்கூடும். ஜன்னலை ஏற்றிப் பயனில்லை. ஒளியைப்போலவே இந்த அலைகளும் சாதாரணக் கண்ணாடியைக் கடந்து போய்விடும்.