மாத்திரையை விடாதீர்! இருதயத்தைக் காப்பீர்!



எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ஆம் ஆண்டில், சென்னையில்தான். அன்று அதற்கு மருந்து இல்லை. 2004 ஏப்ரல் முதல் அரசே கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகக் கொடுத்து வருகிறது. நாள் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்று நாற்று நடுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள், பேரன் பேத்தி எடுக்கிறார்கள். ஆனால் ஆயுள் நீளும்போது வேறோர் ஆபத்தும் கூடவே வருகிறது. அதுதான் இருதய நோய். இக்கிருமி உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

"கிருமிதான் அடங்கிடுச்சே, இருதயத்துக்கு ஏன் கேடு வரணும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் நம் உடம்பின் காவல்காரர்கள். கிருமி புகுந்த முதல் சில வாரங்களிலேயே குடலின் உட்சுவரில் உள்ள காவல் அணுக்களை ஏராளமாக அழித்துவிடுகிறது. நண்டு வளை போட்ட வரப்பில் தண்ணீர் கசிவதுபோல் குடற்சுவர் கசிகிறது. குடலுக்குள்ளேயே இருக்க வேண்டிய நுண்ணுயிர்களின் துணுக்குகள் இரத்தத்தில் கலக்கின்றன. 'யாரோ புகுந்துட்டான்' என்று மற்ற வெள்ளை அணுக்கள் கிளர்ந்தெழுகின்றன. மாத்திரை கிருமியை அடக்கினாலும் இந்தக் கசிவு முழுவதும் அடைபடுவதில்லை. ஆகவே காவல் அணுக்கள் இரவு பகல் ஓயாமல் விழித்திருக்கின்றன.

இப்படி ஓயாத அணுக்கள் இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவருக்குள் நுழைந்து, கொழுப்பைத் தின்று பருத்து, அங்கேயே தங்கிவிடுகின்றன. வாய்க்காலில் வண்டல் சேர்வதுபோல் படிவு சேருகிறது. ஒருநாள் அந்தப் படிவில் விரிசல் கண்டால் இரத்தம் உறைந்து குழாய் அடைபடும். தண்ணீர் வராத கடைமடைப் பயிர் கருகுவதுபோல இருதயத் தசை மடிகிறது. இதுவே மாரடைப்பு.

"அப்ப மாத்திரை எதுக்கு? கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போமே" என்று எண்ணிவிடாதீர்கள்! 5,472 பேரிடம் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. தொடர்ந்து மருந்து சாப்பிட்டவர்களைவிட, விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களுக்கே இருதய நோயும் மரணமும் அதிகம். கிருமி தலைதூக்கினால் அணுக்களின் கிளர்ச்சியும் கூடுகிறது.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. இந்தியா உட்பட 12 நாடுகளில், எச்.ஐ.வி. உள்ள 40 முதல் 75 வயதுவரையான 7,769 பேரிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2023-இல் வந்தது. பிட்டாவாஸ்டாட்டின் என்னும் கொழுப்புக் குறைப்பு மாத்திரையைத் தினமும் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நூற்றுக்கு 35 பங்கு குறைந்தன. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இதுபற்றி டாக்டரிடம் கேளுங்கள். கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சில மாத்திரைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

செய்ய வேண்டியவை:

1. கூட்டு மருந்தை ஒரு வேளையும் தவறவிடாதீர்கள். அறுவடைக்கோ திருவிழாவுக்கோ வெளியூர் போனாலும் மாத்திரை கையோடு வரட்டும்.

2. பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை, எல்லாவற்றையும் அறவே விடுங்கள்.

3. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துக் கொள்ளுங்கள்.

4. ஊறுகாய், கருவாடு, அப்பளம் குறையட்டும். கீரையும் காயும் கூடட்டும். வயல் வேலை இல்லாத நாளில் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

5. மார்பில் அழுத்தம், இடது கையில் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துக் காத்திராதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

6. எந்த டாக்டரிடம் போனாலும் நீங்கள் சாப்பிடும் மாத்திரையை மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

சந்தேகம் இருந்தால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள். 1097 என்ற எண்ணுக்கும் கட்டணமின்றிப் பேசலாம்.

மேட்டூர் தண்ணீர் வருமுன்பே வாய்க்காலைத் தூர் வாருவது நம் வழக்கம். வலி வருமுன்பே இருதயத்தைப் பேணுவதும் வழக்கமாகட்டும்.

தினம் ஒரு வேளையும் தவறாத மாத்திரை, குடும்பத்தைக் காக்கும் யாத்திரை!