பிழைத்த பெண்பிள்ளைகள்

ஐம்பது வருஷத்துக்கு முன் வெண்ணந்தூரில் ஒரு தறிக்காரர் வீட்டுப் பெண்பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் வந்திருந்தால், அவள் நாளைக்குத் தாயாவாளா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்கு வயது வருமுன்பே பிள்ளை போயிருக்கும்.

இந்த நிலை 1984-க்குப் பிறகு மாறத் தொடங்கியது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் ‘எம்.சி.பி. 841’ என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையில் எடுத்தன. அதுவரை ஐந்தில் ஒரு பிள்ளை பிழைப்பதே அரிதாக இருந்தது. பிறகு ஏறக்குறைய பாதிப்பேர் பிழைத்தார்கள். தலைக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், சைக்ளோபாஸ்பமைடு என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றினார்கள். உயிர்தான் முதல். அன்று அது சரியான முடிவு, இன்றும் சரியான முடிவுதான்.

அப்படிப் பிழைத்தவர்களில் பலருக்கு இன்று முப்பது, நாற்பது வயது. அன்று எழாத தாய்மைக் கேள்வி இப்போது அவர்கள் முன் நிற்கிறது. பெண் பிறக்கும்போதே பத்து முதல் இருபது லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறாள். பிறகு புதிதாகச் சேருவதில்லை. சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் அந்த இருப்பைக் கரைக்கின்றன. அளவு கூடக்கூடச் சேதமும் கூடும். அடிவயிற்றில் கரண்ட் வைத்தால் கர்ப்பப்பை முழுதாக வளராமல் போகலாம், கரு கலையலாம், குறைமாதத்தில் பிரசவம் ஆகலாம். தலையில் வைத்தது பிட்யூட்டரி சுரப்பியைத் தொட்டால் வயசுக்கு வருவதே முன்பின்னாகும். சிலருக்கு நாற்பதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றுவிடும், எலும்பும் தேயும்.

ஆனால் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. சிறுமியின் சினைப்பைக்கு, வளர்ந்த பெண்ணுடையதைவிடத் தாங்கும் சக்தி அதிகம். சிகிச்சை முடிந்த பெண்கள் பலர் இயல்பாகவே பிள்ளை பெறுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பிறவிக் குறை கூடுதலாக வருவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. ஊரில் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ‘அந்தப் புள்ளைக்கு கேன்சருங்க’ என்ற ஒரு பேச்சில் சம்பந்தம் முறியும் இடம் இது.

சிகிச்சை தொடங்குமுன் சினைப்பைத் திசுவை எடுத்து உறைய வைத்துப் பின்னர் பொருத்துவது சிலருக்கு இன்று முடிகிற காரியம். வயசுக்கு வருமுன் அப்படி எடுத்து வைத்த ஒரு பெண் பெல்ஜியத்தில் குழந்தை பெற்ற செய்தி 2015-ல் வெளியானது. நம்மூர்ப் பெற்றோரிடம் இப்படி ஒரு வழி இருப்பதை முதல் ஊசிக்கு முன்பே யாராவது சொல்ல வேண்டும். பதறிப்போன தகப்பனுக்குத் தானாகக் கேட்கத் தோன்றாது.

எனக்கு அதிகம் வலிப்பது வேறு. கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து சிகிச்சை ஃபைலையே ஒழித்துவிடும் வீடுகள் உண்டு. அந்தப் பெண்ணுக்கே விவரம் தெரியாது. விவரம் தெரிந்தால், கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை செய்து, இருப்பு தீருமுன் முடிவெடுக்கலாம். டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து ஏறிய உடம்பென்றால் கர்ப்பம் தரிக்குமுன் இதயத்துக்கு எக்கோ எடுத்தாக வேண்டும். ராசிபுரத்திலோ சேலத்திலோ அவளைப் பார்க்கும் டாக்டருக்கு, எந்த மருந்து எவ்வளவு ஏறியது, எங்கே எத்தனை கிரே (கதிர்வீச்சு அளவு) கரண்ட் வைத்தது என்று எழுதிய அந்த ஒரு தாள் வேண்டும்.