ஒரு இன்குபேட்டர், பத்து பேரின் ஆராய்ச்சி: பொது செல் கல்ச்சர் லேபில் இவ்வளவு விதிகள் ஏன்?

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய ஏதோ ஒரு கல்லூரியின் ஆய்வகம் என்று வைத்துக்கொள்வோம். ஆவடியிலிருந்து பஸ் மாறி வந்து சேர்ந்த பிஎச்.டி. மாணவி, இன்குபேட்டர் கதவைத் திறந்து தன் பிளாஸ்க்கைக் கையில் எடுக்கிறார். சனிக்கிழமை மாலை இளஞ்சிவப்பாக, தெளிவாக இருந்த திரவம் இப்போது மஞ்சளாகி, அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கிக் கிடக்கிறது. பக்கத்துத் தட்டில் இருக்கும் சீனியரின் பிளாஸ்க்கும் அப்படியே. மூன்று மாத வேலை போச்சு.

“யாரு கடைசியா திறந்தது?” இதுதான் அடுத்து வரும் கேள்வி. பெரும்பாலும் பதில் வராது.

போரூரில் தொடங்கி வேலப்பன்சாவடி, தண்டலம் வரை மருத்துவம், பல் மருத்துவம், பொறியியல் என்று கல்லூரிகள் வரிசையாக நிற்கும் பகுதி இது. பயோடெக் படித்தவர்கள் பலருக்கு முதல் செல் கல்ச்சர் அனுபவம் இப்படிப்பட்ட கல்லூரிகளின் பொது லேபில்தான் கிடைக்கிறது. உள்ளே போனதும் கதவில் ஒட்டியிருக்கும் நீண்ட விதிப் பட்டியலைப் பார்த்து, “இதெல்லாம் ஓவரா இல்லையா?” என்று தோன்றும். அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் பிளாஸ்க் கெட்டுப்போன கதை இருக்கிறது.

செல் கல்ச்சர் என்றால் என்ன? நமக்கு என்ன சம்பந்தம்?

மனித உடலிலிருந்தோ விலங்கிலிருந்தோ எடுத்த உயிரணுக்களை, உடலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் குடுவையில் உயிரோடு வளர்ப்பதுதான் செல் கல்ச்சர். உடலுக்குள் கிடைக்கும் அதே வசதியை அவற்றுக்கு வெளியிலும் செய்துகொடுக்க வேண்டும். 37 டிகிரி செல்சியஸ் வெப்பம், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு, ஈரப்பதம், சத்துள்ள திரவம் எல்லாம் தேவை.

தெருநாய் கடித்தால் இன்று கையில் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. பழைய தலைமுறைக்கு அது வயிற்றில் போடும் 14 ஊசி. அந்தப் பழைய மருந்து ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்டது. பக்கவிளைவு அதிகம் என்பதால் 2004-ம் ஆண்டு இறுதியோடு இந்தியாவில் அதன் தயாரிப்பு நின்றது. நீலகிரியில் 1907 முதல் இயங்கும் குன்னூர் பாஸ்டியர் நிறுவனம் தயாரித்த புதிய வெறிநாய்க்கடித் தடுப்பூசி, ‘வீரோ’ என்ற செல்களில் வளர்க்கப்பட்டது. 1962-ல் ஜப்பானில் ஒரு ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல் வரிசை அது. கோவாக்சின் தடுப்பூசிக்கான வைரஸ் வளர்ந்ததும் வீரோ செல்களில்தான். புற்றுநோய் மருந்து முதல் பல் இம்பிளான்ட் வரை பலவற்றுக்கும் முதல் பரிசோதனை இந்தப் பிளாஸ்க்கில்தான் நடக்கிறது.

ஒருவர் தவறு எப்படி எல்லோரையும் பாதிக்கும்?

பாதுகாப்புப் பெட்டி, இன்குபேட்டர், திரவ நைட்ரஜன் கலன் எல்லாமே விலை அதிகம். அதனால் பல வழிகாட்டிகளின் மாணவர்கள் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். எல்லோருடைய பிளாஸ்க்கும் ஒரே இன்குபேட்டரில், ஒரே காற்றில், கீழ்த்தட்டில் இருக்கும் ஒரே தண்ணீர்த் தட்டின் ஈரத்தில் வளர்கின்றன.

இந்தப் போட்டியில் செல்கள் ரொம்ப மெதுவானவை. மனித செல் ஒன்று இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். சில பாக்டீரியாக்களுக்கு 20 நிமிடம் போதும். அந்த வேகத்தில் உள்ளே நுழைந்த ஒரே ஒரு பாக்டீரியா, எட்டு மணி நேரத்தில் ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிடும். இரவு வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஆபத்துகள்

மஞ்சளாகிக் கலங்கிய பிளாஸ்க் ஒருவகையில் நல்ல செய்தி. கெட்டது கண்ணுக்குத் தெரிகிறது, தூக்கிப் போட்டுவிடலாம். தெரியாமல் கெடுப்பவைதான் ஆபத்து.

முதலாவது, மைக்கோபிளாஸ்மா. மிகச் சிறிய பாக்டீரியா இது. செல் சுவர் கிடையாது என்பதால் பென்சிலின் வேலை செய்யாது. சாதாரணமாகப் பயன்படுத்தும் வடிகட்டிகளிலும் நழுவிப் போய்விடும். திரவம் கலங்காது, நிறமும் சட்டென்று மாறாது. ஆனால் செல்லின் வளர்ச்சியும் மரபணுச் செயல்பாடும் மாறிவிடும். உலக அளவில் செல் கல்ச்சர்களில் 15 முதல் 35 சதவீதம் வரை இதன் பாதிப்பு இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இதில் ஒரு வகை மனித வாயில் சாதாரணமாக வசிப்பது. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பேசக் கூடாது, மாஸ்க் போட வேண்டும், வாயால் பிப்பெட்டை உறிஞ்சவே கூடாது என்பதெல்லாம் இதனால்தான். பி.சி.ஆர். சோதனை, டி.என்.ஏ. சாயச் சோதனை போன்ற தனிச் சோதனைகள் செய்தால்தான் இது பிடிபடும்.

இரண்டாவது, ஆள்மாறாட்டம். 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, அவருடைய அனுமதி கேட்காமலே எடுத்து வளர்க்கப்பட்டவை ‘ஹீலா’ செல்கள். அவற்றின் வளர்ச்சி வேகம் அசுரத்தனமானது. வேறு பிளாஸ்க்கில் ஒரு துளி விழுந்தால் போதும், சில வாரங்களில் அந்தப் பிளாஸ்க் முழுக்க ஹீலாதான். 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர், வெவ்வேறு திசுக்களிலிருந்து வந்ததாக நம்பப்பட்ட 18 செல் வரிசைகள் உண்மையில் ஹீலாவாக இருக்கக்கூடும் என்று காட்டியபோது ஆராய்ச்சி உலகம் ஆடிப்போனது. இன்று தவறாக அடையாளம் காணப்பட்ட செல் வரிசைகளின் சர்வதேசப் பட்டியலில் 500-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. மார்பகப் புற்றுநோய் செல் என்று நம்பிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்யப்பட்ட ஒன்று, கடைசியில் தோல் புற்றுநோய் செல்லாக இருந்த கதையும் உண்டு.

அதனால்தான் “பக்கத்து காலேஜ் ஃப்ரெண்ட் ஒரு வயல் கொடுத்தான்” என்று செல்லைக் கொண்டுவருவதைப் பொது லேப்கள் அனுமதிப்பதில்லை. புனேவில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் செல் களஞ்சியம் போன்ற இடத்திலிருந்து ஆவணத்தோடு வாங்குவதுதான் முறை. எங்கிருந்து வந்தாலும் சரி, புதிய செல்லைத் தனி இன்குபேட்டரில் வைத்து, மைக்கோபிளாஸ்மா இல்லை என்று தெரிந்த பிறகே பொது இன்குபேட்டருக்குள் விட வேண்டும்.

உள்ளே போனால் என்ன செய்ய வேண்டும்?

- பதிவேட்டில் நேரம் குறித்துவிட்டுத்தான் பெட்டியில் உட்கார வேண்டும். செல் பெயர், நேரம், பார்த்த பிரச்சினை மூன்றையும் எழுத வேண்டும்.
- வெளிச் செருப்பு, பை, சாப்பாடு, அட்டைப்பெட்டி எதுவும் உள்ளே கூடாது. அட்டைப்பெட்டி பூஞ்சை வித்துகளைச் சுமந்து வரும். வந்த பொருளை வெளியிலேயே பிரித்துவிட வேண்டும்.
- பெட்டியை ஆன் செய்து ஐந்து முதல் பத்து நிமிடம் காற்று ஓடவிட்டு, 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். சுத்த ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகிவிடும். தண்ணீர் கலந்தால்தான் கிருமிக்குள் இறங்கி வேலை செய்யும்.
- பெட்டியின் முன்பக்கக் காற்றுத் துளைகளை நோட்டாலும் டிப் பாக்ஸாலும் மறைக்கக் கூடாது. கிருமியைத் தடுப்பது அந்தக் காற்றுத் திரைதான்.
- ஒரு நேரத்தில் ஒரு செல் வரிசை மட்டும். ஒரு செல்லுக்கு ஒரு மீடியா பாட்டில். சந்தேகமான பிளாஸ்க்கைத் தொடுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.
- பிளாஸ்க்கில் உங்கள் பெயர், செல் பெயர், எத்தனையாவது முறை பிரித்தது, தேதி நான்கும் இருக்க வேண்டும். பெயர் இல்லாத பிளாஸ்க்குக்குக் குப்பைதான் இடம்.

ஒரு முக்கியமான விஷயம். பல கல்லூரிகளில் தாவரத் திசு வளர்ப்புக்காக வாங்கிய, காற்றை நேராக முகத்தை நோக்கி வீசும் லேமினார் மேடைகள் உள்ளன. அவை செல்லைக் காக்கும், ஆளைக் காக்காது. மனித செல்களுக்கு இரண்டாம் வகை உயிரிப் பாதுகாப்புப் பெட்டிதான் தேவை. மரபணு மாற்றம் செய்யும் வேலை என்றால், நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடமும் முன்கூட்டியே போக வேண்டும்.

யார் எதை வாங்குவது?

பொது லேபில் சண்டை அதிகம் வருவது இங்கேதான். எளிய கணக்கு இது: திறந்தால் கெடக்கூடியது அவரவர் பொறுப்பு, எல்லோருக்கும் ஓடுவது பொதுப் பொறுப்பு.

அவரவர் வாங்க வேண்டியவை: மீடியா, சீரம், டிரிப்சின், பிளாஸ்க், தட்டுகள், உறைய வைக்கும் வயல்கள். இவற்றில் விலை அதிகம் சீரத்துக்குத்தான். பிறக்காத கன்றின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் இது, 500 மில்லி பாட்டிலே பல்லாயிரம் ரூபாய். அதை அப்படியே திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்காமல், வந்தவுடன் 50 மில்லி குழாய்களில் பிரித்து வைத்தால், ஒன்று கெட்டாலும் மிச்சம் பிழைக்கும். “அவசரம், உங்க மீடியாவுல கொஞ்சம்” என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது வெளியே காபிக்குச் சரி, இங்கே சரிப்படாது.

பொதுவில் வாங்க வேண்டியவை: கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், ஆல்கஹால், கையுறை, கிருமிநாசினி, திரவ நைட்ரஜன், மைக்கோபிளாஸ்மா சோதனைக்கான கிட். ஓடும் சிலிண்டரோடு ஒரு ஸ்பேரும் சுவரில் சங்கிலி போட்டு நிற்க வேண்டும். இன்குபேட்டர் தண்ணீர்த் தட்டில் கிருமி நீக்கிய வாலை வடிநீர் மட்டும்தான். போர் தண்ணீர், மெட்ரோ தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

ஆண்டிபயாட்டிக்கைக் கொட்டிச் சமாளிக்கலாம் என்பது தவறான நம்பிக்கை. அது அசுத்தமான கைப்பழக்கத்தை மறைக்கும், மைக்கோபிளாஸ்மாவை உள்ளேயே வாழ வைக்கும்.

கத்திரி வெயிலும் டிசம்பர் மழையும்

விதிப் புத்தகங்கள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. சென்னைக்கென்று சில கூடுதல் பாடங்கள் உண்டு.

சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. வெளியறை அதைவிடச் சில டிகிரி குறைவாக இருந்தால்தான் 37-ல் நிலையாக நிற்கும். மே மாதத்தில் ஏ.சி. நின்றுபோனால், ஃப்ரீசர்கள் கக்கும் சூட்டோடு மூடிய அறை வேகமாகக் காயும். இன்குபேட்டர் உள்ளே வெப்பம் ஏறும், செல்கள் சாகும். ஆகவே ஏ.சி.யும் ஜெனரேட்டர் இணைப்பில் இருக்க வேண்டும்.

மழை இன்னொரு கதை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் புகுந்த தண்ணீரையும் இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கரண்ட் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்தால் மைனஸ் 80 ஃப்ரீசர் தாங்காது. மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜன் கலனுக்கு மின்சாரமே வேண்டாம். அளவு குறையாமல் நிரப்பி வைத்தால் போதும். அக்டோபருக்கு முன்பே முக்கியமான செல்களை உறைய வைத்து, ஒரு தொகுப்பை வேறு கட்டிடத்தில் வைப்பது நல்ல பழக்கம். கலனும் ஃப்ரீசரும் தரைத்தளத்தில் இல்லாமல் இருப்பது அதைவிட நல்லது.

ஆனால் நைட்ரஜன் விளையாட்டுப் பொருள் இல்லை. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயுவாகி, மூடிய அறையில் ஆக்சிஜனை விரட்டிவிடும். கலனோடு ஆள் லிஃப்டில் ஏறக் கூடாது. வயலுக்குள் திரவம் கசிந்திருந்தால், வெளியே எடுத்ததும் வெடிக்கலாம். முகக்கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் மூடியைத் திறக்கவே கூடாது.

கழிவு எங்கே போக வேண்டும்?

2016-ம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் ஆய்வகங்களுக்கும் பொருந்தும். கல்ச்சர் கழிவை அங்கேயே ஆட்டோகிளேவ் செய்து மஞ்சள் பையில் போட வேண்டும். பிளாஸ்டிக் டிப்பும் கையுறையும் சிவப்பு, ஊசி, பிளேடு துளைக்காத வெள்ளைப் பெட்டி, கண்ணாடி நீலம். உறிஞ்சி எடுத்த மீடியாவை ஹைப்போகுளோரைட் கரைசலில் ஊறவிட்ட பிறகே வெளியேற்ற வேண்டும். அந்தக் கரைசல் கலந்ததை ஆட்டோகிளேவுக்குள் வைத்தால் குளோரின் வாயு வரும். பை கட்டித் தூக்கிச் செல்லும் துப்புரவுப் பணியாளர் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் தொடுகிறார். நிறம் மாறினால் ஆபத்து அவருக்குத்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி எது?

பெரும்பாலான பட்டியல்களில் அது கடைசி வரியில் இருக்கும்: “கெட்டுப்போனால் உடனே சொல்லவும்.”

நடைமுறையில் அதிகம் மீறப்படுவதும் இதுதான். கெட்ட பிளாஸ்க்கை ஜூனியர் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடுவார். காரணம் சோம்பேறித்தனமாக இருக்க வேண்டியதில்லை. கைடு திட்டுவார், சீனியர் கிண்டல் செய்வார், அடுத்த மாதம் நேரம் கிடைக்காது என்ற பயம். ஆனால் அந்த மௌனத்தில் இன்குபேட்டர் துடைக்கப்படாமல் போகும், தண்ணீர்த் தட்டு மாற்றப்படாமல் போகும். அடுத்த திங்கட்கிழமை இன்னும் நான்கு பிளாஸ்க் மஞ்சளாகும்.

நன்றாக நடக்கும் லேபில், காலை எட்டு மணிக்கே வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்துவிடும்: “என் பிளாஸ்க் கன்டாமினேட் ஆயிடுச்சு, ரெண்டாவது தட்டு. எல்லாரும் ஒருமுறை செக் பண்ணிக்கோங்க.” அதற்கு வரும் முதல் பதில், “சரி, வர்றேன், சேர்ந்து துடைச்சிடலாம்” என்று இருந்தால், அந்த லேபில் மற்ற விதிகளையும் யாராவது பின்பற்றுவார்கள்.