முழங்காலுக்கு ஒரு சாரம்

முறிந்த எலும்பு கூடிவிடுகிறது, கிழிந்த தோல் மூடிக்கொள்கிறது. ஆனால் எலும்பின் முனையைப் போர்த்திநின்று மூட்டை வழுக்கென்று இயங்கச் செய்யும் குருத்தெலும்புக்கு மாத்திரம் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை என்பதை, வில்லியம் ஹன்ட்டர் என்ற உடற்கூற்று நிபுணர் 1743-ஆம் ஆண்டிலேயே லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிவைத்தார். ரத்தக் குழாயோ நரம்போ அற்ற அந்தப் பிரதேசத்தில், சேதத்தைச் செப்பனிடும் சாமக்கிரியைகள் வந்துசேர வழியில்லை. வலியால் முறையிடவும் ஆளில்லை.

1994-இல் ஸ்வீடன் நாட்டு வைத்தியர்கள், நோயாளியின் குருத்தெலும்பிலிருந்தே சில உயிரணுக்களை எடுத்து, வெளியே பெருக்கி, பழுதுற்ற முழங்காலில் திரும்ப இட்ட சிகிச்சையைப் பிரசுரித்தார்கள். ஆயினும் தட்டையான பாத்திரத்தில் வளரும்போது இவ்வுயிரணுக்கள் தம் சுபாவத்தை இழந்து, தழும்புக்குரிய நாரைச் சுரக்கத் தலைப்படுகின்றன. நாற்புறமும் சூழ்ந்த இடத்தில் வைத்தாலோ மீண்டும் உருண்டு திரண்டு பழைய தொழிலுக்குத் திரும்புகின்றன. கட்டடம் எழும்வரை சாரம் கட்டுவதுபோல, அவற்றுக்கு ஓர் இருப்பிடம் அமைக்கும் எண்ணம் வலுப்பெற்றதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஜெலட்டின் கூழ் இவ்வுயிரணுக்களுக்கு இதமான இடந்தான். ஆனால் உடல் பாரத்தைத் தாங்காது. 2015-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஆராய்ச்சியாளர்களும் அவர்களுடைய சகாக்களும், அறுபது பாகை வெப்பத்திலேயே உருகிவிடும் பாலிகாப்ரோலாக்டோன் என்ற பாலிமரை, உயர்ந்த மின்னழுத்தத்தின் விசையால் தலைமயிரினும் மெல்லிய இழையாக இழுத்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கடுக்காய் அச்சிட்டு, அந்தக் கண்ணறைகளில் கூழை நிரப்பினார்கள். தனிக் கூழைக் காட்டிலும் 54 மடங்குவரை விறைப்பு ஏறியது! மேலிருந்து அழுத்தினால் கூழ் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கிறது. இழைகள் இழுபட்டு அதைப் பிடித்து நிறுத்துகின்றன. குருத்தெலும்பில், நீரை உறிஞ்சி உப்பத் துடிக்கும் பொருளைக் கொலாஜன் நாரால் கட்டிவைத்திருக்கும் இயற்கையின் உபாயமும் இதுவே.

சாரத்தில் குருத்தெலும்பு வளர்க்கும் முயற்சி புதிதன்று. 1997-இல் எலியின் முதுகில் காது முளைத்ததுபோன்ற படத்தை உலகமே வியந்து பார்த்தது. அது அச்சிட்டதன்று, வார்த்த சாரத்தில் மாட்டின் உயிரணுக்களை வளர்த்தது. காதுக்கு உருவம் அமைந்தாலே பெரும்பாதி வெற்றி. முழங்காலோ ஒவ்வோர் அடியிலும் பாரம் ஏற்கவேண்டியது. அங்கே சாரம் சீக்கிரம் கரைந்தால் இளந்திசு நசுங்கும். காலங்கடந்து நின்றால் அதன் வளர்ச்சிக்கே இடைஞ்சலாகும். பாலிகாப்ரோலாக்டோன் சரீரத்தில் முற்றும் கரைய இரண்டு ஆண்டுக்கு மேலும் ஆகக்கூடும். அதற்குள் புதுத் திசு பழைய குருத்தெலும்பின் ஓரத்தோடு ஒட்டிக்கொள்ளவும் வேண்டும். அந்த இணைப்புத்தான் இன்னும் எளிதில் கைகூடாத காரியமாக இருக்கிறது.